அடி வாங்கிய பிறகு

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹவாய்த் தீவுகளில் பேர்ல் துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பல இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. ஒக்லஹோமாவும் வெஸ்ட் வர்ஜீனியாவும் அடுத்தடுத்து நின்றன. இரண்டுமே வெளிப்புறத்தில், திறந்த நீரைப் பார்த்தபடி நின்றதால் ஜப்பானிய விமானங்கள் வீசிய டார்ப்பிடோக்களுக்கு நேர் இலக்காயின. இரண்டுக்கும் இடப்பக்கத்தில்தான் அடி. ஒன்றிரண்டு டார்ப்பிடோக்களோடு தப்பவில்லை, இரண்டுமே அடுக்கடுக்காக வாங்கின. ஒக்லஹோமா கால் மணி நேரத்துக்குள் புரண்டு கவிழ்ந்தது. 429 பேர் இறந்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவும் மூழ்கத்தான் செய்தது. ஆனால் நிமிர்ந்த நிலையிலேயே இறங்கி, துறைமுகத்தின் ஆழமில்லாத அடித்தரையில் உட்கார்ந்தது. அங்கே இறந்தவர்கள் 106 பேர்.

ஒக்லஹோமாவின் பக்கவாட்டு அறைகளில் மறுநாள் ஆய்வு நடப்பதாக இருந்தது. அதற்காக மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். தண்ணீர் அந்த வழிகளில் தடையின்றிப் பாய்ந்தது. வெஸ்ட் வர்ஜீனியாவில் கிளாட் ரிக்கெட்ஸ் என்ற லெப்டினன்ட் இருந்தார். கப்பல் இடப்பக்கம் சாயத் தொடங்கியதுமே, வலப்பக்க அடித்தள அறைகளுக்குள் கடல்நீரைத் திறந்துவிட கேப்டனிடம் அனுமதி கேட்டார். கிடைத்ததும் ஆட்களோடு கீழே இறங்கி வால்வுகளைத் திறந்தார்.

ஓட்டை விழுந்த கப்பலுக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீரை விடுவது பைத்தியக்காரத்தனம்போலத் தோன்றலாம். கப்பல் மிதப்பதன் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒரு கப்பல் எவ்வளவு எடையோ அவ்வளவு எடைத் தண்ணீரைத் தள்ளிவிட்டு மிதக்கிறது. இது ஆர்க்கிமிடீஸ் சொன்னது. எடை முழுதும் கீழ்நோக்கி ஒரு புள்ளியில் செயல்படுகிறது, அது ஈர்ப்பு மையம். தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை இன்னொரு புள்ளியில் செயல்படுகிறது, அது மிதப்பு மையம். கப்பல் சாயும்போது நீருக்குள் இருக்கும் உடலின் வடிவம் மாறுவதால் மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அங்கிருந்து மேல்நோக்கித் தள்ளி, கப்பலைத் திரும்ப நிமிர்த்துகிறது. அலையில் ஆடும் கப்பல் தானாக நேராவது இதனால்தான். சாய்வு ஓர் எல்லையைத் தாண்டினால் இந்த நிமிர்த்தும் விசை குறைந்துகொண்டே போய் இல்லாமலாகிவிடும். அதற்குப் பிறகு கப்பலைக் கவிழ்ப்பதும் அதே தண்ணீர்தான்.

ஆகவே மூழ்குவதில் இரண்டு வகை உண்டு. கனம் கூடிக் கூடிக் கீழே இறங்குவது ஒன்று. அதற்கு மணிக்கணக்கில் ஆகலாம், சில நேரம் நாள்கணக்கிலும். சமநிலை போய்ப் புரள்வது இன்னொன்று. அதற்குச் சில நிமிடங்கள் போதும். ரிக்கெட்ஸ் செய்தது, இரண்டாவது மரணத்தைத் தவிர்க்க முதலாவதை ஏற்றுக்கொண்டதுதான். 1942 மே மாதம் வெஸ்ட் வர்ஜீனியாவை மேலே தூக்கினார்கள். 1944 அக்டோபரில் சூரிகாவோ நீரிணையில் ஜப்பானியக் கப்பல்களை அது சுட்டது. ஒக்லஹோமா மறுபடி போருக்குப் போகவேயில்லை.

இதில் நெஞ்சை அறுக்கும் ஒரு பகுதியும் உண்டு. கவிழ்ந்த ஒக்லஹோமாவின் அடிவயிற்றை உள்ளிருந்து தட்டும் சத்தம் வெளியே கேட்டது. வாயுச் சுடரால் இரும்பை வெட்டினால் உள்ளே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். காற்றழுத்த உளியால் வெட்டினாலும், துளை விழுந்ததும் சிறைப்பட்ட காற்று வெளியேறி உள்ளே நீர்மட்டம் ஏறும். இந்த அவசரத்துக்கு நடுவில் துறைமுகத் தொழிலாளர்கள் 32 பேரை உயிரோடு எடுத்தார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவின் அடித்தளத்தில் சிக்கிய மூவரை எடுக்க முடியவில்லை. பல மாதம் கழித்துக் கப்பலைத் தூக்கியபோது அந்த அறையில் ஒரு நாள்காட்டி கிடைத்தது. டிசம்பர் 23 வரை நாட்கள் அடிக்கப்பட்டிருந்தன.

அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றைப் பீரங்கிகள், கவசம், விமானங்கள், ஏவுகணைகள் என்ற வரிசையில் எழுதுவதுதான் வழக்கம். அருங்காட்சியகங்களும் அவற்றைத்தான் காட்டுகின்றன. என்னைக் கேட்டால், அந்தக் கடற்படையின் அசல் திறமை அடிப்பதில் இருந்ததைவிட அடி வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் இருந்தது. அதற்குச் சேதக் கட்டுப்பாடு என்று பெயர். அதன் பெரும்பகுதி அடி விழுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஒரு போர்க்கப்பலுக்குள் நடந்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு அறையின் சுவரிலும் மஞ்சள் பின்னணியில் ஒரு முகவரி எழுதியிருக்கும். 3-75-4-எம் என்று இருந்தால், மூன்றாவது தளம், முன்முனையிலிருந்து எண்ணி வரும்போது 75வது விலாச் சட்டம், இடப்பக்கம், வெடிபொருள் கிடங்கு என்று பொருள். கடைசிக்கு முந்தைய எண் ஒற்றைப்படையானால் வலப்பக்கம், இரட்டைப்படையானால் இடப்பக்கம். நடுக்கோட்டில் இருந்தால் பூஜ்யம். கடைசி எழுத்து எல் என்றால் ஆட்கள் தங்குமிடம். விளக்கு அணைந்து, புகை சூழ்ந்து, தொலைபேசியில் யாரோ ஒருவர் இந்த முகவரியைக் கத்தினால், அதுவரை அந்தப் பக்கமே போகாதவரும் அங்கே போய்ச் சேரலாம்.

கதவுகளிலும் எழுத்து உண்டு: எக்ஸ், ஒய், இசட். எக்ஸ் எழுதிய கதவு, ஆபத்தில்லாத துறைமுகத்தில்கூட மூடியே இருக்க வேண்டும். ஒய் எழுதியவை கடலுக்குப் போனதும் மூடப்படும். இசட் எழுதியவை போர் மணி அடித்ததும். எல்லாக் கதவுகளையும் எப்போதும் மூடிவைத்தால் கப்பலில் யாராலும் வேலை செய்ய முடியாது, மூச்சுவிடவும் முடியாது. எதையும் மூடாவிட்டால் கப்பல் ஒரே பெரிய தொட்டி. இந்த மூன்று எழுத்துகள் இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம்.

ஓட்டை வழியே எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை யாரும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீர்மட்டத்துக்கு 4 மீட்டர் கீழே 30 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை. நீர் உள்ளே பாயும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். விளிம்பில் நீரோட்டம் சுருங்குவதைக் கழித்தாலும் நிமிடத்துக்கு 20 டன்னுக்கு மேல் உள்ளே வரும். கையால் தூக்கும் பம்புகள் இதோடு போட்டி போட முடியாது. அதனால் மாலுமிக்கு முதல் பாடம், தண்ணீரை இறைப்பதற்கு முன் வருவதைக் குறை என்பது. மெத்தை, போர்வை, கூம்பாகச் செதுக்கிய மரக்கட்டை என எது கையில் கிடைக்கிறதோ அதைத் திணிக்க வேண்டும். துளை முழுதும் அடைபட வேண்டும் என்பதில்லை. பாதி அடைத்தால் வரவு பாதியாகும், பம்புக்கு நம்பிக்கை பிறக்கும். பக்கத்து அறை நிரம்பிவிட்டால் நடுச்சுவர் பிதுங்கும். அதற்கு முட்டுக்கொடுக்க மரத்தூண்களும் ஆப்புகளும் கப்பலிலேயே இருக்கும். ஏவுகணையும் ரேடாரும் சுமக்கும் கப்பலில் ஒரு தச்சுப்பட்டறையின் சாமான்கள் தயாராக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கப் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

தண்ணீரைவிட மோசமான எதிரி விமான எரிபொருள். 1942 மே 8, பவளக் கடல் போர். விமானம் தாங்கிக் கப்பல் லெக்சிங்டன் இரண்டு டார்ப்பிடோக்களையும் சில குண்டுகளையும் வாங்கியது. சாய்வைச் சரிசெய்தார்கள். தீயை அடக்கினார்கள். விமானங்களை மறுபடி இறக்கத் தொடங்கினார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். உள்ளே, டார்ப்பிடோ அதிர்ச்சியில் பெட்ரோல் தொட்டிகள் விரிசல் கண்டிருந்தன. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தளத்தோடு தவழ்ந்து தாழ்வான இடங்களில் தேங்கும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்கும் 7.6 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால்தான் தீப்பிடிக்கும். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் பிடிக்காது. பகல் 12:47க்கு மின்மோட்டார்களின் பொறி ஒன்று அந்த ஆவியைச் சந்தித்தது. வெடிப்புகள் தொடர்ந்தன. மாலையில் கப்பலைக் கைவிட்டார்கள். கடைசியில் அமெரிக்க நாசகாரிக் கப்பலே டார்ப்பிடோ ஏவி அதை மூழ்கடித்தது. 216 பேர் இறந்தார்கள்.

அன்று அதே கடலில் யார்க்டவுன் என்ற இன்னொரு விமானம் தாங்கிக் கப்பல் இருந்தது. அதன் எரிபொருள் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஆஸ்கர் மையர்ஸ் லெக்சிங்டன் எரிந்த விதத்தை யோசித்தார். பிறகு எளிய யோசனை ஒன்றைச் சொன்னார். தாக்குதல் வருகிறது என்றதும் குழாய்களில் இருக்கும் பெட்ரோலை வடித்துத் தொட்டிக்கே திருப்பிவிட வேண்டும், காலிக் குழாய்களில் கரியமில வாயுவை நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் இல்லாத குழாயில் எந்தப் பொறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

யார்க்டவுனுக்கும் பவளக் கடலில் குண்டு விழுந்திருந்தது. பழுதுபார்க்க 90 நாள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். பேர்ல் துறைமுகத்தில் அட்மிரல் நிமிட்ஸ் மூன்று நாள் கொடுத்தார். சுமார் 1,400 தொழிலாளர்கள் இரவு பகலாக ஒட்டுப்போட்டு அனுப்பினார்கள். ஜூன் 4, மிட்வே போர். மூன்று குண்டுகள் விழுந்தன. ஒன்று புகைபோக்கிக்குள் போய்க் கொதிகலன்களை அணைத்துவிட்டது, கப்பல் நடுக்கடலில் நின்றது. ஆனால் பெட்ரோல் குழாய்கள் வெடிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் தீ அடங்கி, தளத்தின் ஓட்டைகளில் பலகை அடித்து, கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. அடுத்து வந்த ஜப்பானிய விமானிகள் இதை இன்னொரு புதுக் கப்பல் என்று நினைத்துத் தாக்கினார்கள். ஒரே கப்பலை இரண்டு முறை அடித்துவிட்டு, இரண்டு கப்பல்களை முடித்துவிட்டோம் என்று அவர்கள் கணக்குப் போட்டதில் தவறேதும் இல்லை. அவர்கள் பார்த்தது அப்படித்தான் இருந்தது. இரண்டு டார்ப்பிடோக்கள் பட்டு ஒரு பக்கம் சாய்ந்த யார்க்டவுன், அதன் பிறகும் இரண்டு நாள் மிதந்தது. மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஐ-168 என்ற நீர்மூழ்கி வந்து மறுபடி அடித்தது. ஜூன் 7 விடியலில் மூழ்கியது.

எதிர்ப்பக்கத்தின் கதையையும் சொல்ல வேண்டும். ஜப்பானியக் கடற்படையில் சேதக் கட்டுப்பாடு தனிக் குழுவின் வேலை. மற்ற மாலுமிகளுக்கு அதில் பயிற்சி குறைவு. 1944 ஜூன் 19 அன்று தாய்ஹோ என்ற புத்தம்புதிய ஜப்பானிய விமானம் தாங்கிக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி அல்பகோர் ஒரே ஒரு டார்ப்பிடோவால் தாக்கியது. கப்பல் அசரவில்லை. ஆனால் பெட்ரோல் கசிந்தது. ஆவியை வெளியேற்றலாம் என்று நினைத்த பொறுப்பாளர் காற்றோட்டக் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டார். மிகையான அடர்த்தியில் ஓரிடத்தில் இருந்த ஆவி, எரியக்கூடிய அளவுக்கு நீர்த்துக் கப்பல் முழுதும் பரவியது. அடிபட்டு ஆறு மணி நேரம் கழித்து அது வெடித்தது. டார்ப்பிடோ செய்யாததைக் காற்றோட்டம் செய்தது.

அமெரிக்கர்கள் இதற்கு நேர்மாறான வழியில் போனார்கள். சமையல்காரர், எழுத்தர், பீரங்கிக்காரர் என்று பேதமில்லாமல் எல்லோருக்கும் தீயணைப்புப் பயிற்சி. நகரத் தீயணைப்பு வீரர்களைப் படையில் சேர்த்து, நீரைப் பீய்ச்சாமல் மூடுபனியாகத் தெளிக்கும் குழாய்முனைகளைக் கொண்டுவந்தார்கள். சிறு துளிகளுக்குப் பரப்பு அதிகம். அவை வெப்பத்தை உறிஞ்சி நீராவியாகின்றன. ஒரு பங்கு நீர் சுமார் 1,700 பங்கு ஆவியாக விரிந்து காற்றைத் தள்ளிவிடுகிறது. 1945 மார்ச் 19 அன்று ஜப்பானியக் கரையருகே ஃபிராங்க்ளின் கப்பலில், எரிபொருளும் குண்டுகளும் நிரப்பிய விமானங்களுக்கு நடுவே இரண்டு குண்டுகள் விழுந்தபோது சுமார் 800 பேர் இறந்தார்கள். அந்த நிலையிலும் கப்பல் தன் சொந்த எந்திரத்தில் நியூயார்க் வந்து சேர்ந்தது.

போர் முடிந்தது. ஜெட் விமானங்கள் வந்தன. பாடம் மெல்ல மறந்துபோனது என்றுதான் சொல்ல வேண்டும்.

1967 ஜூலை 29, வியட்நாமுக்கு அருகே டோங்கின் வளைகுடா. ஃபாரஸ்டல் விமானம் தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் விமானங்கள் புறப்படத் தயாராக நின்றன. ஒரு ஃபேன்டம் விமானத்தில் வெளி மின்சாரத்திலிருந்து உள் மின்சாரத்துக்கு மாற்றிய நொடியில் மின்னோட்டம் எகிறி, அதில் தொங்கிய ராக்கெட் தானாகப் பாய்ந்தது. எதிரே நின்ற ஸ்கைஹாக் விமானத்தின் எரிபொருள் தொட்டியைக் கிழித்தது. எரிபொருள் தளத்தில் வழிந்து எரிந்தது. அந்தத் தீக்குள் பழைய கால குண்டுகள் கிடந்தன. அவற்றின் வெடிமருந்து முதுமையில் நிலைகுலைந்திருந்தது. தீயணைப்புக் குழுவின் தலைவர் ஜெரால்ட் ஃபேரியர் ஒரு கையடக்கத் தீயணைப்பானோடு குண்டை நோக்கி ஓடினார். குண்டைக் குளிர்வித்து ஆட்களுக்குச் சில நிமிடங்கள் சம்பாதித்துக் கொடுப்பது அவர் திட்டம். தீப்பிடித்து ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. குண்டு வெடித்தது.

பயிற்சி பெற்ற குழுவில் பெரும்பகுதி அந்த ஒரு வெடிப்பிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு குழாயைப் பிடித்தவர்களுக்குத் துணிச்சல் இருந்தது, பயிற்சி இல்லை. ஒரு பக்கம் சிலர் எரியும் எரிபொருளின் மேல் நுரையைப் பரப்பினார்கள். இன்னொரு பக்கம் சிலர் கடல்நீரைப் பீய்ச்சி அந்த நுரையையே அடித்துக்கொண்டு போனார்கள். எரிபொருள், குண்டுகள் துளைத்த ஓட்டைகள் வழியே, இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் அறைகளுக்குள் இறங்கியது. 134 பேர் இறந்தார்கள். மேல்தளக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தைப் பார்க்காமல் அமெரிக்கக் கடற்படையில் ஒருவர் பயிற்சி முடிக்க முடியாது என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. நார்ஃபோக்கில் உள்ள தீயணைப்புப் பள்ளிக்கு ஃபேரியரின் பெயர் வைத்தார்கள்.

நுரையைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்படை ஆராய்ச்சிக்கூடம் 1960களில் உருவாக்கிய புதுவகை நுரை, ஃபாரஸ்டலுக்குப் பிறகு கப்பல்களில் வேகமாகப் பரவியது. எண்ணெயின் மேல் தண்ணீர் ஊற்றினால் அது கீழே போய்விடும், தீ மேலே எரிந்துகொண்டிருக்கும். புளோரின் சேர்ந்த ஒரு வேதிப்பொருளைத் துளி கலந்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. அப்போது மெல்லிய நீர்ப்படலம் எண்ணெயின் மேலேயே பரவி ஆவியை மூடிவிடுகிறது. எரியும் குளத்தைச் சில வினாடிகளில் அணைக்கும் அற்புதம்தான் அது. ஆனால் அந்தப் புளோரின் பிணைப்பை இயற்கையால் உடைக்க முடிவதில்லை. பயிற்சிக்காக ஆண்டுக்கணக்கில் நுரை தெளித்த படைத்தளங்களைச் சுற்றி நிலத்தடிநீர் கெட்டுப்போய், அந்தச் சுத்திகரிப்புச் செலவை அமெரிக்கா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. உயிர்காக்கும் கண்டுபிடிப்பு என்ற பாராட்டோடு இந்தப் பில்லையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும்.

தீயை அணைக்கிற தண்ணீரும் கப்பலுக்கு எதிரியாகலாம். அகலமான தட்டில் ஆரத்தி கரைத்து எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இது தெரியும்: தட்டு இம்மி சாய்ந்தால் நீர் முழுதும் அந்தப் பக்கம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். கப்பல் தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கினாலும் இதேதான் நடக்கும். இதில் அளவைவிட அகலம் முக்கியம். சமநிலையைக் கெடுக்கும் ஆற்றல் நீர்ப்பரப்பின் அகலத்தின் கனத்துக்கு, அதாவது மும்மடிப் பெருக்குக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. நடுவே நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் ஒவ்வொரு பாதியின் தொல்லையும் எட்டில் ஒன்றாகும், இரண்டும் சேர்ந்தாலும் நாலில் ஒன்றுதான்.

1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஸ்டார்க் என்ற சிறு போர்க்கப்பலை ஈராக்கிய விமானம் ஒன்று இரண்டு எக்சோசெட் ஏவுகணைகளால் தாக்கியது. முதலாவது வெடிக்கவில்லை, ஆனால் அதன் ராக்கெட் எரிபொருள் ஆட்கள் தூங்கும் அறைக்குள் சிதறி எரிந்தது. 37 பேர் இறந்தார்கள். இடப்பக்கத்து ஓட்டை நீர்மட்டத்துக்குக் கீழே போகாதிருக்க, கேப்டன் வலப்பக்கத்தில் நீரேற்றச் சொன்னார். தீயணைக்கப் பீய்ச்சிய நீர் மேல்தளங்களில் தேங்கி, கப்பல் ஆபத்தாகச் சாய்ந்தபோது அதை வடியவிடத் துளைகள் போட வேண்டியிருந்தது. கப்பல் பஹ்ரைன் போய்ச் சேர்ந்தது.

ஸ்டார்க்கின் உடன்பிறப்பான சாமுவேல் பி. ராபர்ட்ஸ் அப்போது புதுக் கப்பல். அதன் கேப்டன் பால் ரின், ஸ்டார்க் அனுபவத்தைத் தன் ஆட்கள் மனப்பாடம் செய்யும் அளவுக்குப் பயிற்சி கொடுத்தார். 1988 ஏப்ரல் 14 மாலை, ஈரான் போட்டிருந்த கடற்கண்ணிகளுக்கு நடுவே அந்தக் கப்பல் சிக்கியது. முன்புறம் கண்ணிகளைப் பார்த்து, வந்த வழியே பின்வாங்கும்போது ஒன்று அடியில் வெடித்தது. 1908ஆம் ஆண்டு ரஷ்ய வடிவமைப்பில் செய்த கண்ணி. வெடிமருந்து 115 கிலோ அளவுதான். நீருக்கடியில் வெடிக்கும் குண்டு உண்டாக்கும் வாயுக்குமிழி கப்பலின் நடுவயிற்றைத் தூக்கி விடுகிறது. முன்னும் பின்னும் தாங்கலில்லாமல் தொங்க, கப்பலின் முதுகெலும்பான ஏரா ஒடிகிறது. ராபர்ட்ஸுக்கும் அதுதான் நடந்தது. ஐந்து மீட்டர் அகல ஓட்டை. கனத்த எரிவாயுச் சுழலி எந்திரங்கள் இருக்கையைவிட்டுப் பெயர்ந்தன. எந்திர அறை கடலாகியது, தீப்பிழம்பு புகைபோக்கி வழியே எழுந்தது.

இரண்டு அறைகள் நிரம்பிவிட்டன. மூன்றாவதன் சுவர் கிழிந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதுவும் போனால் கப்பல் போயிற்று. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையில் கிடைத்த துணியையும் போர்வையையும் கிழிசல்களில் திணித்து, மரத்தூண்களை முட்டுக்கொடுத்து ஆப்படித்தார்கள். மேலே கப்பலின் கட்டுமானம் இரண்டாகப் பிளக்கத் தொடங்கியது. தளத்தின் விரிசல் ஒவ்வொரு அலைக்கும் திறந்து மூடியது. இரும்புக் கம்பிவடங்களை விரிசலுக்கு இருபுறமும் கட்டி, முறுக்கி இறுக்கினார்கள். முடிச்சுப் போட்டுக் கப்பலைப் பிடித்துவைப்பது எந்தக் கையேட்டிலும் இருந்திருக்க வாய்ப்பில்லை. 1944இல் சமர் தீவருகே மூழ்கிய அதே பெயர்கொண்ட பழைய கப்பலின் ஆட்கள் பெயர் பொறித்த வெண்கலப் பலகை ஒன்று அந்தக் கப்பலில் இருந்தது. வடம் இழுத்துப்போன மாலுமிகள் அதைத் தொட்டுவிட்டுப் போனார்கள் என்று ரின் பிறகு சொன்னார். ஐந்து மணி நேரம். சுமார் 200 பேர் கொண்ட கப்பலில் 10 பேருக்குக் காயம், ஒருவரும் சாகவில்லை.

முதன்மை எந்திரம் போன கப்பலை, துறைமுகத்தில் ஒதுங்குவதற்காக வைத்திருந்த இரண்டு சிறு துணை உந்திகளைக்கொண்டே கண்ணிகளுக்கு நடுவிலிருந்து மெல்ல நகர்த்தினார்கள். பிறகு மைட்டி செர்வன்ட் 2 என்ற சுமைக்கப்பல் அதைத் தன் முதுகில் ஏற்றி அமெரிக்கா கொண்டுபோனது. மெய்ன் மாநிலத்தின் பாத் கப்பல் கட்டும் தளத்தில், உடைந்த எந்திர அறையை அப்படியே வெட்டியெடுத்து, தனியாகக் கட்டிய சுமார் 300 டன் பகுதியை அந்த இடத்தில் பொருத்தினார்கள். செலவு 8 கோடியே 95 லட்சம் டாலர். கப்பல் 2015 வரை பணியில் இருந்தது.

சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸ் பயிற்சித் தளத்தில் ட்ரேயர் என்று ஒரு கப்பல் இருக்கிறது. 210 அடி நீளம். ஒரு கட்டடத்துக்குள், ஒரு தொட்டி நீரில் நிற்கிறது, எங்கும் போகாது. கடற்படையில் சேரும் மாலுமிகள் பயிற்சி முடியுமுன் ஓர் இரவு முழுதும் அதில் கழிக்க வேண்டும். அறைகளில் நீர் ஏறும், புகை வரும், வெடிச்சத்தம் கேட்கும். கடலையே இதுவரை பார்க்காத பதினெட்டு வயதுப் பிள்ளை, வெடிபொருள் கிடங்கை நீரிலிருந்து காப்பாற்றிய பிறகுதான் மாலுமித் தொப்பி வாங்க முடியும்.

இவ்வளவு பயிற்சியும் உள்ள கடற்படை, 2020 ஜூலை 12 காலை சான் டியாகோ துறைமுகத்தில், கரையோடு கட்டியிருந்த போனோம் ரிச்சர்ட் கப்பலை இழந்தது. எதிரி இல்லை, அலை இல்லை, நகரத் தீயணைப்பு நிலையம் கூப்பிடு தொலைவில். கப்பல் பழுதுபார்ப்பில் இருந்தது. கீழ்த்தள வாகனக் கிடங்கில் பொருட்கள் குவிந்து கிடந்தன. பணிக்காக இழுத்த குழாய்களும் மின்வடங்களும் கதவுகள் வழியாகப் போனதால் பல கதவுகளை மூட முடியவில்லை; அவற்றில் இசட் என்று எழுதியிருந்து பயனில்லை. கப்பலுக்குள் இருந்த தீயணைப்பு நிலையங்களில் 87 சதவீதம் செயல்படும் நிலையில் இல்லை. நுரை பீய்ச்சும் அமைப்பு ஒன்று மட்டும், ஒரு பொத்தானை அழுத்தினால் இயங்கும் நிலையில் இருந்தது. அதை யாரும் அழுத்தவில்லை. விசாரித்தபோது, மாலுமிகளில் ஒருவருக்குக்கூட அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எதற்கு என்பது சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

இதில் எரிச்சலூட்டுவது, இது முதல் முறையில்லை என்பதுதான். 2012இல் மையாமி என்ற நீர்மூழ்கி பழுதுபார்ப்பில் இருந்தபோது, கப்பல் தளத் தொழிலாளி ஒருவர் வைத்த தீயில் அழிந்தது. அதற்குப் பிறகு விதிகள் எழுதினார்கள். அவை காகிதத்தில் நன்றாகவே இருந்தன. கடலில் இருக்கும் கப்பலுக்குக் கேப்டனும் ஆட்களும் பொறுப்பு. பழுதுபார்ப்பில் இருக்கும் கப்பலுக்குக் கேப்டன், பழுதுபார்க்கும் மையம், ஒப்பந்ததாரர், கரைத் தீயணைப்புத் துறை என்று நான்கைந்து பேர் பொறுப்பு. முதல் தண்ணீர் தீயின் மேல் விழ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

தீ நான்கு நாள் எரிந்தது. 14 தளங்களில் 11 கருகின. பழுதுபார்க்க 250 கோடியிலிருந்து 320 கோடி டாலர் வரை ஆகும் என்று மதிப்பிட்டார்கள். 2021 ஏப்ரலில் கப்பலைப் பணியிலிருந்து நீக்கி, 36 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் பழைய இரும்பாக விற்றார்கள்.